தூள் போடாத அண்டா

விறகுப் புகையோடு கொதிநீரின் ஆவி சேரும்போது ஒரு வாசனை எழும். அதில் டீத்தூளின் மணம் வந்து கலக்குமா, கலக்காதா என்று லைன் ஜனம் முழுவதும் மூக்கை நீட்டிக்கொண்டு காத்திருந்த நாட்கள் கோலார் தங்கவயலில் என் சிறுவயதில் உண்டு. இன்றும் எங்காவது கல்யாணச் சமையல்கட்டில் பெரிய அண்டாவில் வெறும் தண்ணீர் கொதிப்பதைப் பார்த்தால், தூள் போட்டாயிற்றா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன்.

"லைன்" என்பது சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கம்பெனி கட்டிவிட்ட வரிசை வீடுகள். மேலே தகரம், பக்கத்தில் மூங்கில் தட்டி. இந்த வீட்டில் மிளகாய் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள்; அந்த வீட்டுச் சண்டைக்கு இந்த வீட்டிலிருந்து சமாதானம் சொல்வார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ரகசியம் என்று ஒன்று இருக்க வழியில்லை என்பதால்தான் எங்கள் ஊரில் சங்கம் அவ்வளவு பலமாக இருந்தது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

சங்கத்தின் கமிட்டிக்காரர்கள் கம்பெனியோடு கோரிக்கை பேசப் போவதற்கு "பேச்சு" என்று பெயர். பேச்சு நடக்கும் நாளில், ஷிப்டு இல்லாத ஆண்களும் லைன் பெண்களும் மைன் ஆபீஸ் கேட்டுக்கு எதிரே இருந்த மைதானத்தில் கூடுவார்கள். மூன்று கல் வைத்து, அண்டாவை ஏற்றி, தண்ணீரைக் கொதிக்க விடுவார்கள். வெல்லம் தட்டி வைத்திருக்கும், பால் காய்ச்சி வைத்திருக்கும். ஆனால் தூள் மட்டும் போட மாட்டார்கள். உள்ளே போனவர்களுக்கு ஆபீசில் பீங்கான் கப்பில் டீயும் தட்டில் பிஸ்கட்டும் வரும். ஒருவரும் தொட மாட்டார்கள். "உள்ள டீ குடிச்சிட்டு வந்தா வெளிய வாய் வராது" என்பது பெரியவர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த பேச்சு. கமிட்டி வெளியே வந்ததும், அண்டாவைப் பார்த்துக்கொள்ளும் பெண், சங்கத்தின் செக்ரட்டரியிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்: "தூள் போடலாமா?" அவர் தலையாட்டினால் ஒப்பந்தம் ஆகிவிட்டது என்று அர்த்தம். ஆட்டாவிட்டால் விறகை வெளியே இழுத்துவிடுவார்கள்.

அந்தத் தண்ணீரைக் கொட்ட யாருக்கு மனசு வரும்? பேத்தமங்களா ஏரியிலிருந்து குழாய் வழியாக வந்த தண்ணீர். குடங்களை வரிசையில் வைத்து, வாய்ச்சண்டை போட்டுப் பிடித்த தண்ணீர். ஆகையால் ஆளுக்கொரு வாளியாக வீட்டுக்குத் தூக்கிவந்து பிள்ளைகளைக் குளிப்பாட்டிவிடுவார்கள். மார்கழிக் குளிரில் வாரம் முழுவதும் பச்சைத் தண்ணீரில் நடுங்கியவர்களுக்குப் பேச்சு முறிந்த நாளில்தான் வெந்நீர்க் குளியல். தொழிலாளர் உரிமைக்கு அந்த வயதில் என்னைவிடப் பெரிய எதிரி இருந்திருக்க முடியாது. ஒவ்வொரு பேச்சும் உடைய வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டவள் நான்.

என் அப்பா கன்னியப்பன் பூமிக்கடியில் பாறையில் துளை போடும் டிரில்லர். எங்கள் லைன் அவரைக் கமிட்டிக்குத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருந்தது. பேச்சாளர் என்று சொல்ல முடியாது. குழம்பில் உப்பில்லை என்பதைச் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு சொல்லும் ஆள். "தனியா போனா கைய கட்டிக்கினு நிக்கணும். கூடிப் போனா நாற்காலி போடுவான்" என்று செக்ரட்டரி அடிக்கடி சொல்வார். அந்த நாற்காலி மேல் அப்பாவுக்கு ஒரு பிரியம் உண்டு. பிரம்பு பின்னியது, கை வைத்தது என்று அம்மாவிடம் அதை எத்தனையோ தடவை வர்ணித்திருக்கிறார்.

அந்த வருஷத்துக் கோரிக்கை நெஞ்சைப் பற்றியது. பாறைத் தூசு நெஞ்சில் படிந்து இருமுகிறவர்களை, டாக்டர் பரிசோதித்து, சம்பளம் குறையாமல் "சர்பேஸ்" வேலைக்கு, அதாவது தரைக்கு மேலே இருக்கும் வேலைக்கு மாற்ற வேண்டும். ஒருவரை இருவரை அல்ல, அப்படி உள்ள எல்லாரையும். விடியலில் ஷிப்டுச் சங்கு ஊதுவதற்கு முன்பே எங்களை எழுப்பிவிடுவது அப்பாவின் இருமல்தான். தட்டிக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா அத்தையின் புருஷன் ஏசுதாஸ் மாமா இருமுவார். எங்கள் வீட்டு இருமல் வறண்டது. அவர்கள் வீட்டு இருமல் சளி கட்டியது, முடிவதற்கு நேரமாகும். படுத்தபடியே எது யாருடையது என்று சொல்லிவிடுவேன்.

பேச்சு மேல் பேச்சாக உடைந்தது. எங்கள் லைன் பிள்ளைகள் அவ்வளவு சுத்தமாக எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அப்போதுதான் ஒரு நாள், ஷிப்டு முடிந்து கேஜில், சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டில், மேலே வந்த அப்பாவை மானேஜர் தனியாகக் கூப்பிட்டு அனுப்பினார். வெள்ளைக்காரர்கள் போய் வெகுகாலம் ஆகியும் எங்கள் ஜனங்கள் மானேஜரைத் "தொரை" என்றுதான் சொல்வார்கள். தொரை நல்லவிதமாகவே பேசினாராம். லாம்ப் ரூமில், தொழிலாளிகளுக்குத் தலைவிளக்கு எடுத்துக் கொடுக்கும் இடத்தில், ஓர் ஆள் வேண்டும், திங்கட்கிழமையே வந்துவிடு, மற்றவர்கள் விஷயம் மெதுவாகப் பேசிக்கொள்ளலாம் என்றாராம். யோசித்துச் சொல்கிறேன் என்று அப்பா வந்துவிட்டார். அன்றைக்கும் நாற்காலி போட்டார்கள் என்பதை மட்டும் அவர் அம்மாவிடம் சந்தோஷமாகச் சொல்லவில்லை.

"குடுக்கறத வாங்கிக்கினா இன்னா? ஊருக்குக் கேக்கறத அப்புறமா கேளுங்க" என்றாள் அம்மா.

"நான் மேல வந்துட்டா, அப்புறம் கேக்க எனக்கு வாய் இருக்காது."

"இருமி இருமி செத்துப்போனா மட்டும் வாய் இருக்குமா?"

அதன் பிறகு அம்மா தட்டை வைக்கும் சத்தத்தில்தான் பேசினாள். நான் முழுமனதோடு அம்மா பக்கம். அப்பா பிழைக்க வேண்டும். அதைவிடப் பெரிய நியாயம் எனக்குத் தெரியாது. இன்றைக்கும் அந்தச் சிறுமி நினைத்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

தட்டிச் சுவருக்குக் காது உண்டு. எங்கள் சண்டை ஸ்டெல்லா அத்தைக்குக் கேட்காமல் இருந்திருக்காது. ஆனால் மறுநாள் காலையில் அவர்கள் ஒன்றுமே நடக்காததுபோல் வந்து, "என் குடத்தையும் வரிசையில வெச்சிடு கன்னியக்கா, அவருக்குக் கஞ்சி குடுத்துட்டு வந்துடறேன்" என்றார்கள். அப்பா பெயரோடு சேர்த்து அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அம்மா அவர்கள் முகத்தைப் பார்க்காமல் குடத்தை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த பேச்சு நாளில் அண்டா வைப்பது எங்கள் லைனின் முறை. தூள் டப்பா அம்மா மடியில் இருந்தது. தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதும், இருமல்காரர்கள் ஒவ்வொருவராக வந்து அண்டாவைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். ஆவி பட்டால் நெஞ்சு கொஞ்சம் இளகும் என்பது அவர்கள் கண்ட வைத்தியம். ஏசுதாஸ் மாமா தலைக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு முகத்தை ஆவியில் காட்டினார். அவருக்கு நன்றாக ஆவி வரட்டும் என்று அம்மா விறகை உள்ளே தள்ளிக்கொண்டே இருந்தாள்.

அந்த நேரத்தில் ஆபீஸ் வராந்தாவில் அப்பா தெரிந்தார். கமிட்டி உள்ளே இருக்க, அவர் மட்டும் வெளியே வந்திருந்தார். தொரையின் கை அவர் தோள்மேல் இருந்தது. பின்னாலேயே பியூன் கப்பும் சாசருமாக வந்து நின்றான். அண்டாவைச் சுற்றிக் குனிந்திருந்தவர்கள் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். "தனியா இட்டுனு வந்துட்டான்பா" என்று யாரோ மெல்லச் சொன்னார்கள். அப்பாவுக்கு அப்போது பார்த்து இருமல் பிடித்துக்கொண்டது. தூணைப் பிடித்துக்கொண்டு வளைந்து வளைந்து இருமினார். பியூன் இரக்கப்பட்டுத்தான் கப்பை நீட்டினான். அப்பாவின் கை மேலே எழுந்தது. வாங்கவா, விலக்கவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அம்மா ஒரு டம்ளரை அண்டாவில் முக்கி எடுத்துக்கொண்டு நடந்தாள். கேட்டில் நின்ற காவல்காரர் தடுக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது. வராந்தாப் படியேறி, தொரைக்கும் பியூனுக்கும் நடுவில் நின்று, புடவைத் தலைப்பால் பிடித்த அந்தச் சூடான டம்ளரை அப்பாவிடம் கொடுத்தாள்.

"இத குடிங்க."

அவ்வளவுதான் சொன்னாள். அப்பா வெறும் வெந்நீரை ஊதி ஊதிக் குடித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொரைக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் போய்விட்டார். பியூன் கைப்பிடிச் சுவர்மேல் வைத்த டீ ஏடு படிந்து ஆறிப்போனது.

அன்றும் பேச்சு முடியவில்லை. சாயங்காலம் என் தலையில் வெந்நீரை ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் கோபமாகக் கேட்டேன், அப்பாவை அந்த டீயைக் குடிக்க விட்டிருக்கலாமே என்று. அந்த ஒரு தடவை வெந்நீர் எனக்குச் சுகமாக இல்லை. அம்மா சொம்பைக் கீழே வைத்தாள்.

"குடிச்சிருந்தா உங்கப்பா மேல வந்திருப்பாரு. அண்டாவச் சுத்தி நின்னாங்களே, அவங்க மூஞ்ச நான் எப்டிடி பாக்கறது?"

குளிர் விட்டுப்போகும் காலத்தில் ஒப்பந்தம் ஆயிற்று. அம்மா கேட்டாள், செக்ரட்டரி தலையாட்டினார். டப்பாவில் இருந்ததை அப்படியே கவிழ்த்துவிட்டாள். கசந்து வழிந்த அந்த டீயை எல்லாரும் அமிர்தம் என்று குடித்தார்கள். சீக்கு முற்றியவர்கள் முதலில் மேலே வர வேண்டும் என்பது ஏற்பாடு. ஏசுதாஸ் மாமா முதல் கும்பலிலேயே வந்துவிட்டார். அப்பாவின் முறை வருவதற்கு அடுத்த மார்கழி ஆகிவிட்டது. லாம்ப் ரூமில் சில வருஷங்கள் விளக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, என் கல்யாணத்தைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தார். தான் செய்தது சரி என்றோ தப்பு என்றோ அம்மா கடைசிவரை சொன்னதில்லை. ஆனால் அப்பா கீழேயே இருந்த அந்த ஒரு வருஷத்துக்காக அவள் யாரையும் மன்னிக்கவில்லை, தன்னையும்தான்.

இப்போது சுரங்கம் மூடிக் கிடக்கிறது. சங்கு ஊதுவதில்லை. ஆபீஸ் வராந்தாவின் ஓடுகளை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மைதானம் முழுக்கச் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. அம்மாவும் இல்லை. நான் தங்கவயலிலேயே கோரமண்டல் பகுதியில் இருக்கிறேன். ஊரில் பாதிப்பேர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போகிறார்கள். அந்தக் காலத்துக் கேஜ் மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றாகப் போய், இறங்கியதும் ஆளுக்கொரு திக்கில் பிரிந்துவிடுகிறார்கள்.

என் மகள் ஷாலினியும் அந்த ரயிலில் போகிறவள்தான். போன மாதம் ஒரு சாயங்காலம் முகம் வாடி வந்தாள். மாதத்தில் சில நாள் வரும் நைட் ஷிப்டு முடித்து ஸ்டேஷனுக்குப் போகும் பெண்களுக்கு இனிமேல் கம்பெனி கார் கிடையாதாம். சம்மதம் என்று கையெழுத்து வாங்கிவிட்டார்களாம். எல்லாரும் சேர்ந்து முடியாது என்று சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டேன்.

"எல்லாரையும் சேத்துக் கூப்பிட்டாத்தானேம்மா? ஒவ்வொருத்தரா ரூமுக்குள்ள கூப்பிட்டாங்க. நல்ல சேர் போட்டு, காபி குடுத்து, ஸ்மைல் பண்ணிக்கினேதான் பேசினாங்க."

"குடிச்சியா?"

"குடிச்சேன். ஏன்?"

அவளுக்கு அண்டாவின் கதையை முதல் தடவையாகச் சொன்னேன். பாட்டி வராந்தாப் படியேறிய இடம் வந்தபோது கையிலிருந்த செல்போனைக் கீழே வைத்துவிட்டாள். நான் முடித்ததும் சொன்னாள்:

"தாத்தா வெளிய வந்து பாத்தப்ப அத்தினி பேரு நின்னாங்க. நான் வெளிய வந்தப்ப லிப்டுதான்மா நின்னுச்சி."

அவளுக்கு டீ வைக்கலாம் என்று போட்ட தண்ணீர் அடுப்பில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. தூள் டப்பாவைத் திறக்க எனக்குக் கை வரவில்லை.