முன்வரிசை நாற்காலி

ஜவ்வாது மலை, புதூர்நாட்டில் கோடை விழா. என் தொப்பையையும் வெள்ளைச் சட்டையையும் பார்த்து, அதிகாரி என்று நினைத்து முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை, நாற்காலியில் மெத்தை இருக்கிறது. மேடையில் ஆடி முடித்த பெண் ஒருவர் சலங்கையோடு நேராக என்னிடம் வருகிறார்.

“சார், எங்க காட்டு நெலத்துக்குப் பட்டா இன்னா ஆச்சுங்க?”

“பாட்டா? பிரமாதம்மா.”

“பாட்டு இல்லீங்க, பட்டா. எங்க மாமனாரு காலத்துலேர்ந்து சாமை வெதைக்கிற நெலம். வருசா வருசம் ஆடக் கூப்புடுறீங்க, பட்டா மட்டும் வரல.”

நான் அதிகாரி இல்லை, பஸ்ஸைத் தவறவிட்டவன் என்று அசடு வழிகிறேன்.

“அப்ப எழுந்திரிங்க.”

எழுந்துவிடுகிறேன். அவர் மெத்தையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்கிறார்.

“நெஜ ஆபீசரு இங்கதானே உக்கார வரணும்?”