முழுக்க இயற்கை என்றிருந்த மருதாணிக் கோன்

என் தங்கை ரமீஜா பள்ளிக்கூடம் போனதில்லை. கணவர் இறந்த பிறகு, மருதாணி போட்டே இரண்டு பெண்களையும் பட்டம் வாங்க வைத்தாள். திருச்சி பாலக்கரையில் இருந்த அவளைத் தில்லை நகரிலிருந்து ஆட்டோ வைத்துக் கூப்பிட்டுப் போனார்கள். ஒரு கம்பெனியின் மீது போட்ட நுகர்வோர் வழக்கு ஜெயித்ததும் அவளால்தான்.

இலைப்பொடியை வீட்டில் குழைத்துத்தான் அவள் கோன் செய்வாள். அது நன்றாகச் சிவக்க ஓர் இரவு வேண்டும். ஷஹனாஸ் என்ற மணப்பெண்ணின் வீட்டிலோ நிக்காஹ் அன்று காலையில்தான் கூப்பிட்டார்கள். உடனே கறுக்க வேண்டும் என்றார்கள். 'முழுக்க இயற்கை' என்று அச்சிட்ட கடைக் கோனை வாங்கிப் போட்டாள். மறுநாளே மணப்பெண்ணின் கைகள் கொப்புளித்துவிட்டன. தலைச்சாயத்தில் சேர்க்கிற ரசாயனம் அதில் இருப்பதாகத் தோல் டாக்டர் சொன்னார்.

பெண்ணின் அம்மா கோன் கம்பெனி மீது வழக்குப் போட்டார். அந்தக் கோனைப் போட்டது தான்தான் என்று ரமீஜா எழுதிக் கொடுக்க வேண்டும்.

"பேசாம இரு புள்ள. இனிமே எந்தக் கல்யாண வீட்டுல ஒன்னையச் சேப்பாங்க?" என்றார் எங்கள் மாமி.

"நான் இல்லைன்னா கம்பெனிக்காரன் தப்பிச்சிடுவான் மாமி. நாளைக்கு இன்னொரு பொண்ணு கை வேகும்."

"பெரிய கலெக்டரு! போய்க் கைநாட்டு வை!"

"கையெழுத்தே போடறேன், பாருங்க."

நான் எழுதிக் காட்டிய மூன்று எழுத்துகளை, கொடி வரைவதுபோல, கோனாலேயே தட்டில் எழுதிப் பழகினாள்.

வாக்குமூலத்தின் கீழே ரமீஜா தன் பெயரை முதன்முதலாக எழுதியது 2022 நவம்பர் 17.