இழுவையில் அளந்த பெட்டி

கழுத்தில் அளவு நாடா தொங்காமல் டேப் மாஸ்டரைப் பார்த்திருப்பவர்கள் அவருடைய மனைவியும் மச்சினனும்தான். அவர்களும் அதை அடித்துச் சொல்லமாட்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டைக்குள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்க, தெரு அவரை டேப் மாஸ்டர் என்றே கூப்பிட்டது. அவரும் அதற்கே திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டார்.

மெத்தை வைத்துத் தைப்பது தொழில். வாலிபம் முழுவதும் பேருந்து இருக்கைகள் தைக்கும் கம்பெனியில் போயிற்று. பிறகு சொந்தப் பட்டறை: டயர் கடைக்குப் பின்னால் நீளமான ஓர் அறை, தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல், நடுவில் பழைய கம்பளம் விரித்த மேசை. ஜன்னலோரத் தையல் இயந்திரத்தில் மனைவி. ஃபோம் அறுப்பதும் ஆணி அடிப்பதும் வாயடிப்பதும் மச்சினன். சோபா, பல் டாக்டரின் நாற்காலி, சினிமா அரங்கின் கிழிந்த இருக்கைகள் என்று எதுவும் வரும். நடுவில் சில காலம் சவப்பெட்டி செய்பவர் ஒருவருக்கு உள்பக்கம் வெல்வெட் ஒட்டிக்கொடுத்தார்.

“நம்ம சரக்குல புகார் வராத ஒரே ஐட்டம் அதுதான் மாமா. அதை ஏன் விட்டீங்க?” என்று மச்சினன் இன்றும் கேட்பான்.

மாஸ்டருக்குத் தொழிலில் ஒரே ஒரு சட்டம் உண்டு. இழுத்துக் கட்டியிருக்கும் எதையும் அளக்கக் கூடாது. துணியோ ரெக்சினோ சோபாவுக்கு அடியில் ஓடும் பெல்ட்டோ, இழுவையில் இருக்கும்போது பொய் சொல்லும். கட்டை அவிழ்த்து, தளர்த்தி, கொஞ்சம் மூச்சு வாங்க விட்டு அப்புறம் நாடாவை வைத்தால்தான் உண்மையான அளவு வரும். அந்தச் சட்டம் இதுவரை அவரைக் கைவிட்டதில்லை. செவ்வாய்க்கிழமை அந்தக் கிதார் வந்து சேரும்வரை.

கொண்டுவந்தவர் ஹோட்டல்களிலும் அரங்குகளிலும் ஜாஸ் வாசிக்கும் பெண்மணி. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தார். கையில் ஒரு கம்பளிப் போர்வைச் சுருள். பயணத்தில் பழைய பெட்டியின் கீல் பிய்ந்து, அடிப்பலகை பிளந்துவிட்டதாம்.

“கடையில கிடைக்கிற எந்தப் பெட்டியிலயும் இது உக்கார மாட்டேங்குது மாஸ்டர். இதுக்குன்னே ஒண்ணு செஞ்சாத்தான் உண்டு. வெள்ளிக்கிழமை காலைல நான் கிளம்பியாகணும். வியாழக்கிழமை மத்தியானம் வந்து வாங்கிக்கிறேன்.”

போர்வையைப் பிரித்தார். மாஸ்டர் இதற்கு முன் பார்த்த கிதார்களெல்லாம் தட்டையானவை, நடுவில் வட்ட ஓட்டை போட்டவை. இதுவோ வயிறு எழும்பியிருந்தது. மேல்பலகை ஓரங்களில் தாழ்ந்து, நடுவில் மெல்ல உயர்ந்து, தூங்குகிறவரின் மார்பைப் போல இருந்தது. ஓட்டைக்குப் பதில் இரண்டு பக்கமும் வயலினில் இருப்பது போன்ற வளைந்த கீறல்கள். பின்பலகையைத் திருப்பிக் காட்டியபோது, மரத்துக்குள் யாரோ தண்ணீரைக் கலக்கிவிட்டு நகர்ந்துபோனது போல வரி வரியாக மினுங்கியது. மாஸ்டர் தொட்டுப் பார்த்தார். வழவழவென்றுதான் இருந்தது. கண்ணுக்கு அலை, கைக்குத் தரை. எதை நம்புவது என்று தெரியவில்லை.

“இது எனக்காகவே செஞ்சது,” என்றார் அந்தம்மா. இடது கையின் சுண்டு விரலை நீட்டிக் காட்டினார். “சின்ன வயசுல கதவிடுக்குல மாட்டி நசுங்கிடுச்சு. சரியா மடங்காது. செஞ்சவர் என் கையை மாவுல பதிச்சு எடுத்துட்டுப் போய், கிதாரோட கழுத்துப் பின்பக்கத்தை அதுக்கேத்த மாதிரி செதுக்கினார். இந்த ஓரம் பாருங்க, என் முழங்கை படற இடம். இங்க மட்டும் சரிச்சு விட்டிருக்கார்.”

பிறகு கொஞ்சம் வாசித்தும் காட்டினார். வாசித்து முடித்து, போன் நம்பரைக் கொடுத்துவிட்டு அவர் தெருமுனை திரும்பும்வரை மச்சினன் அடக்கிக்கொண்டிருந்தான்.

“சுருதி சேத்து முடிச்சதும் பாட்டு வரும்னு காத்துக்கிட்டிருந்தேன் மாமா. பாத்தா அதான் பாட்டாம்!”

மாஸ்டர் சிரிக்கவில்லை. அவருக்கும் பாட்டு புரியவில்லைதான். ஒரு படியில் காலை வைத்தால் அந்தப் படி பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிற மாதிரி இருந்தது. ஆனால் அவரைக் குழப்பியது பாட்டு இல்லை, அந்தச் சரித்து விட்ட ஓரம். அவர் தைத்த பேருந்து இருக்கைகள் எல்லோருக்குமானவை, அதனாலேயே யாருக்கும் பொருந்தாதவை. சவப்பெட்டிகூடப் பொது அளவுதான். ஒருத்தரின் நசுங்கிய விரலைக் கேட்டுக்கொண்டு இன்னொருவர் மரத்தைச் செதுக்கியிருக்கிறார் என்பது அவருக்குள் எங்கேயோ போய் இடித்தது. சந்தோஷமா, பொறாமையா? அதையும் அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அன்று பிற்பகல் முழுக்க மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு பக்கம் குனிந்து பார்ப்பார், இன்னொரு பக்கம் போவார், ஃபோம் எடுக்கப் போனவர் வெறுங்கையோடு திரும்புவார்.

“என்னைக் கல்யாணம் பண்ணப்பகூட இப்படிப் பாக்கல,” என்றாள் மனைவி, இயந்திரத்தை நிறுத்தாமலே.

“உன்னை எவ்வளவு வேணா பாத்துக்கலாம்னு இருந்தேன். இது வியாழக்கிழமை போயிடுமே.”

“அப்ப நானும் வியாழக்கிழமை கிளம்பறேன். அதுவரைக்குமாவது பாருங்க.”

புதன்கிழமை காலை அளவெடுக்க உட்கார்ந்தார். கைகளைக் கழுவி, மேசைமேல் மெத்தென்ற ஃபிளானல் துணியை விரித்து, கிதாரைக் கிடத்தினார். ஆறு கம்பிகளும் விறைத்து நின்றன. விரலால் அழுத்திப் பார்த்தார். பெல்ட் எல்லாம் இதற்குப் பக்கத்தில் வர முடியாது. இவ்வளவு இழுவையில் இருப்பதை அளந்தால் எப்படி உண்மை சொல்லும்? தலைப்பக்கத்து முறுக்காணிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். கம்பிகள் தொய்ந்தன. கடைசிக் கம்பி தொய்ந்தபோது ‘டொக்’ என்று ஒரு சின்னச் சத்தம்.

கம்பிகளுக்கு அடியில், எழும்பிய வயிற்றின்மேல் நின்றிருந்த கறுப்பு மரத்துண்டு சறுக்கி விழுந்து ஃபிளானலில் கிடந்தது.

மாஸ்டர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பசை இல்லை. ஆணி இல்லை. உடைந்த விளிம்புகூட இல்லை. கிதாரின் மேல்பலகையைப் பார்த்தார். அங்கேயும் பிய்ந்த தடம் எதுவும் இல்லை. உடைந்திருக்கிறது, ஆனால் உடைப்பைக் காணோம்.

“என்ன மாமா, கழண்டுடுச்சா?” மச்சினன் பின்னால் வந்து எட்டிப் பார்த்தான். “ஒட்டவே இல்லையே! மேடத்தோட விரலுக்கு அவ்ளோ மெனக்கெட்டவன் இதுக்குப் பசை வைக்க மறந்துட்டான் பாருங்க. நம்ம டப்பால இருக்கிறதை ஒரு தடவு தடவினா, பேருந்தே இழுத்தாலும் வராது.”

பசை டப்பா திறந்தாயிற்று. தூரிகையும் கைக்கு வந்துவிட்டது. மாஸ்டர் மரத்துண்டைக் கிதாரின்மேல் வைத்தார். எங்கே ஒட்டுவது? இங்கேயா, ஒரு நூல் முன்னாலேயா? இரண்டுமே சரியாகத் தெரிந்தது, இரண்டுமே தப்பாகவும் தெரிந்தது. தூரிகை நுனியில் பசை திரண்டு தொங்கிற்று.

“முதல்ல அதைக் கீழ வைங்க!” மனைவி இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து வந்துவிட்டாள். “அடுத்தவங்க உசிரு அது. போன் போட்டுக் கேளுங்க.”

போட்டார். அந்தம்மா எடுக்கவில்லை. மாஸ்டருக்கு அப்பாடா என்று இருந்தது. அப்படி இருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. தூரிகையைக் கழுவி வைத்தார். கம்பிகள் தளர்ந்திருக்கும்போதே எல்லா அளவுகளையும் எடுத்து முடித்தார். மரத்துண்டைக் கண் சொன்ன இடத்தில் நிறுத்தி, மனைவியை அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கம்பிகளைத் திரும்ப முறுக்கினார். மனைவி கையை எடுத்தாள். துண்டு விழவில்லை. ஒன்றிலும் ஒட்டாமல், ஒன்றும் நடக்காதது போல நின்றது. விழுந்ததைவிட இதுதான் அவரை அதிகம் கலக்கியது.

சாயங்காலம் அந்தம்மாவே கூப்பிட்டார். “ஒத்திகையில இருந்தேன் மாஸ்டர். என்ன விஷயம்? பெட்டி எப்படி வருது?”

சொல்ல வேண்டிய வாக்கியம் தொண்டைவரை வந்தது. “வந்துட்டிருக்கு மேடம்,” என்று வேறொரு வாக்கியம் வெளியே போயிற்று.

மனைவி இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டினாள். திட்டியிருந்தாலே தேவலை என்று இருந்தது.

பெட்டி என்னவோ நன்றாகத்தான் வந்தது. பிளைவுட் உடல், உள்ளே ஃபோம், அதன்மேல் கருநீல வெல்வெட். தளர்த்தியபோது எடுத்த அளவுகளை வைத்து, கிதாரின் முதுகு வளைவுக்கு ஏற்றபடி படுக்கையைக் குடைந்தார். மூடியின் மெத்தையில், அந்த மரத்துண்டு இடிக்காமலிருக்க ஒரு பள்ளம். வியாழன் காலை கிதாரை வைத்து மூடிப் பார்த்தார். கொக்கி மாட்ட லேசாக ஓர் அழுத்து அழுத்த வேண்டியிருந்தது. மெத்தைதானே, போகப் போக இறங்கிக்கொள்ளும்.

மத்தியானம் அந்தம்மா வந்தார். பெட்டியைப் பார்த்து முகம் மலர்ந்தார். சினிமா இருக்கை ஒன்றில் உட்கார்ந்து கிதாரை மடியில் வைத்துச் சுருதி சேர்த்தார். வாசிக்கத் தொடங்கினார்.

மாஸ்டர் தன் வாழ்நாளில் எதையும் இவ்வளவு கூர்ந்து கேட்டதில்லை. ஓர் இடத்தில் ஸ்வரம் கோணிக்கொண்டு வந்தது. போச்சு, மரத்துண்டு தப்பான இடத்தில் நிற்கிறது. ஆனால் செவ்வாய்க்கிழமையும் இப்படித்தானே கோணியது? இந்தச் சங்கீதத்தில் எது கோணல், எது நேர்? மச்சினனைப் பார்த்தார். அவன் சோபாக் கால் ஒன்றை மும்முரமாக ஆராய்ந்துகொண்டிருந்தான். அந்தம்மா சட்டென்று நிறுத்தி முகத்தைச் சுளித்தார். அதே இடத்தைத் திரும்ப வாசித்தார். திரும்பவும் சுளித்தார்.

“மேடம், நான் அதைக் கழட்டிட்டேன்,” என்றார் மாஸ்டர். அறையே கேட்கும்படி சொல்லிவிட்டார். “கம்பியைத் தளர்த்தினேன், அந்தத் துண்டு விழுந்துடுச்சு. நேத்து போன்ல சொல்லியிருக்கணும், சொல்லல. எங்க இருந்துச்சுன்னு தெரியாம ஒரு குத்துமதிப்பா வச்சிருக்கேன்.”

அந்தம்மா நிமிர்ந்தார். “விழுந்துச்சா?” என்றார். “அது விழத்தான் செய்யும். அது ஒட்டினது இல்ல மாஸ்டர். கம்பியோட அழுத்தத்துலதான் நிக்குது. வாத்தியக்காரங்க இதைக் குதிரைன்னு சொல்லுவாங்க.”

“கட்டிப் போடாத குதிரை!” என்றான் மச்சினன், சோபாக் காலிடம்.

“அப்ப முகம் சுளிச்சீங்களே மேடம்?”

“அந்த இடத்துல என் சுண்டு விரல் எப்பவுமே மக்கர் பண்ணும். விரலைத்தான் முறைச்சேன்.”

ஆனாலும் அந்தம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கம்பியின் நடுவில் ஒரு தடவை லேசாகத் தொட்டு மீட்டினார், அதே இடத்தில் அழுத்திப் பிடித்து இன்னொரு தடவை மீட்டினார். “ரெண்டும் ஒண்ணா கேக்கணும். குதிரை சரியான இடத்துல நின்னா.” ஒன்றாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. அவர் நெற்றி சுருங்கியது. “கொஞ்சம் தள்ளித்தான் நிக்குது. ஆனா இது நீங்க வச்சதா, முன்னாடியே நகந்திருந்ததா? போன மாசத்துலேருந்தே என்னமோ சரியில்லாம இருந்துச்சு. நானும் விரலையே திட்டிக்கிட்டிருந்தேன்.”

குதிரை பழைய இடத்தை யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அந்தம்மா கம்பிகளைக் கொஞ்சம் தணித்து, குதிரையை மயிரிழை நகர்த்தி, கேட்டு, இன்னும் நகர்த்தி, ஒரு வழியாகத் தலையாட்டினார். மாஸ்டருக்கு முன்பும் பின்பும் ஒரே மாதிரிதான் கேட்டது.

மூச்சு திரும்பியது என்று நினைத்த நேரத்தில்தான் அந்தம்மா கிதாரைப் பெட்டியில் வைத்து மூடினார். கொக்கி மாட்டவில்லை. அழுத்தப் போன கையை இழுத்துக்கொண்டு, மூடியைத் திறந்து மெத்தையைப் பார்த்தார். வெல்வெட்டில், குதிரைக்கான பள்ளத்துக்குச் சற்றுக் கீழே, ஏதோ அழுந்திய தடம்.

“இது என்ன மாஸ்டர்?”

மாஸ்டரும் குனிந்து பார்த்தார். கம்பிகளின் கடைசி முனைகளைப் பிடித்திருக்கும் பித்தளைச் சட்டம் கிதாரின் கீழ்முனையில் கீல் போட்டு மாட்டியிருந்தது. கம்பிகள் தொய்ந்திருந்தபோது அது வயிற்றின்மேல் படுத்துக் கிடந்தது. இப்போது, முறுக்கிய கம்பிகள் இழுக்க, அந்தரத்தில் எழும்பி நின்றது. படுத்தவரை அளந்து, எழுந்தவருக்குப் பெட்டி செய்திருக்கிறார்.

“மூடி இது மேல அழுத்தினா அத்தனை பாரமும் குதிரை வழியா மேல்பலகையில இறங்கும்,” என்றார் அந்தம்மா. “வண்டியில ஒரு பள்ளம் போதும். விரிசல் விட்டுடும். குதிரை விழுந்தது எனக்கு ஒண்ணுமில்ல. இதுதான்...” முடிக்கவில்லை. “நாளைக்குக் காலைல கிளம்பணும் மாஸ்டர்.”

இரண்டு நாளாக எதற்குப் பயந்தாரோ அது ஆபத்தே இல்லை. எதை நம்பினாரோ அதுதான் ஆபத்து. மாஸ்டர் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்தார், கையில் சுற்றினார், திரும்பக் கழுத்தில் போட்டார்.

“அப்படியே வைங்க மேடம். கம்பியைத் தொடாதீங்க. இருட்டறதுக்குள்ள முடிச்சுடறேன்.”

மூடியின் மெத்தையைப் பிய்த்தார். மச்சினன் புது ஃபோம் கொண்டுவந்தான். மாஸ்டர் நாடாவைக் கம்பிகளுக்குமேல் நீட்டினார். முழு இழுவையில் இருக்கும் ஒன்றை இப்படியே அளப்பது இதுதான் முதல் தடவை. தப்புச் செய்கிறோம் என்று கை சொல்லிக்கொண்டே இருந்தது. நாடாவின் தகர நுனி ஒரு கம்பியில் பட்டு, மெல்லிய ஒரு சத்தம் எழுந்து அறையைச் சுற்றிவிட்டுத் திரும்பியது. மாஸ்டர் நாடாவைச் சட்டென்று தூக்கினார்.

“நல்லாத்தான் வாசிக்கறீங்க,” என்றார் அந்தம்மா. முதல்முறையாகச் சிரித்தார்.

மனைவி புது வெல்வெட்டைத் தைத்து முடித்தபோது ஜன்னலில் வெயில் மஞ்சளாகியிருந்தது. மூடி தன் பாரத்திலேயே இறங்கி, எங்கும் அழுந்தாமல், கொக்கியோடு சேர்ந்துகொண்டது. அந்தம்மா நாலைந்து முறை திறந்து மூடிப் பார்த்தார். வேலை முடிந்தால் பொருளின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி அனுப்புவது மாஸ்டரின் வழக்கம். கை உயர்ந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டிமேல் சும்மா படிந்துவிட்டு வந்தது.

அந்தம்மா போனபிறகு மேசை ரொம்ப அகலமாகத் தெரிந்தது. மச்சினன் பழைய சோபா ஒன்றைத் தூக்கி அதன்மேல் கவிழ்த்தான். அடியில் பெல்ட்டுகள் இறுக்கமாக ஓடின. மாஸ்டர் குனிந்தார். அவிழ்க்கப் போன கை நின்றது. ஒரு பெல்ட்டை விரலால் சுண்டி, காதைப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“மாமா,” என்றான் மச்சினன், “அது சோபா.”

“தெரியுதுடா மாப்ளே,” என்றார் மாஸ்டர். கையை மட்டும் எடுக்கவில்லை.