நிறமாலைக்கு வந்த மாலை

பார்க்காததைப் பார்த்தேன் என்று கடவுள் விஷயத்தில் சொல்லியிருந்தால் ஊரில் நாலு பேராவது காலில் விழுந்திருப்பார்கள். நான் சொன்னது சூரிய வெளிச்சத்துக்குள் இருக்கும் கறுப்புக் கோடுகள் விஷயத்தில். இயற்பியலில் முதுகலைப் பட்டம் வாங்கி, உத்திரமேரூர்ப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் அந்தக் கோடுகளைக் கரும்பலகையில் வருஷா வருஷம் வரைந்து காட்டியவன் நான். அன்றுவரை கண்ணால் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

பார்த்தவர் எங்கள் ஆய்வுக்கூட அட்டெண்டர். தென்னேரிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கூப்பிட்டார். ஜன்னலை அட்டையால் அடைத்திருந்தார். அட்டையின் நடுவே ஒரு சவர பிளேடின் இரண்டு பாதிகள், ஒட்டியும் ஒட்டாமலும். நடுவில் ஒரு தலைமுடி புகும் அளவுக்குக் கீற்று. பத்தடி தள்ளி ஒரு ஸ்டூல். உட்காரச் சொல்லி, கையில் முப்பட்டகக் கண்ணாடியைக் கொடுத்தார்.

"இத்த கண்ணாண்ட வெச்சிக்கினு அந்தக் கீத்தப் பாருங்க சார். கலருக்கு நடுவுல கறுப்பா கோடு கோடா கீது. இன்னா சார் அது? கண்ணாடில கீறலோன்னு தொடச்சித் தொடச்சிப் பாத்துட்டேன், போவல."

பார்த்தேன். சிவப்பு இருந்தது, மஞ்சள் இருந்தது, பச்சை இருந்தது. கோடு இல்லை.

"தெரியுது, தெரியுது" என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

அவை லேசுப்பட்ட கோடுகள் அல்ல. நட்சத்திரங்கள் எதனால் ஆனவை என்பதை மனிதன் ஒருநாளும் அறியப்போவதில்லை என்று ஐரோப்பாவில் ஒரு தத்துவ ஞானி எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவர் போன கொஞ்ச நாளிலேயே ஜெர்மனியில் இரண்டு பேர், உப்புத் தூவிய சுடரின் மஞ்சள் கோடும் சூரிய ஒளியின் ஒரு கறுப்புக் கோடும் ஒரே இடத்தில் விழுகின்றன என்று காட்டினார்கள். சூரியனில் சோடியம் இருக்கிறது. அதுவரை நட்சத்திரம் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டவர்கள், அது என்னவாக இருக்கிறது என்று கேட்க ஆரம்பித்தார்கள். வானியற்பியல் பிறந்த கதை ஏறக்குறைய இதுதான். பிறகு கிரகணம் பார்க்கத் தெலுங்குச் சீமைக்கு வந்த ஒரு பிரெஞ்சுக்காரர், பூமியில் யாருமே அறியாத ஹீலியத்தின் கோட்டைச் சூரிய விளிம்பில் பார்த்துவிட்டுக் கப்பலேறினார். இவர்கள் யார்மீதும் எனக்குப் பொறாமை வந்ததில்லை. பொறாமைப்பட ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். அடுத்த அறையில் பிப்பெட் கழுவிக்கொண்டிருந்தால் இன்னும் உத்தமம்.

கோடு தெரியாவிட்டாலும் கதை தெரியும் என்று காட்ட, அந்த உப்புச் சங்கதியை அட்டெண்டரிடம் அலட்சியமாக எடுத்துவிட்டேன். அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. மறுநாளே அவர் ஸ்பிரிட் விளக்கில் கல் உப்பைப் போட்டுப் பார்த்துவிட்டார்.

"நீங்க சொன்னது கரீட்டு சார். சூரியன்ல உப்பு கீது."

"உப்பு இல்லய்யா. சோடியம்."

"அதான் சார், உப்பு."

செய்தி டீக்கடைக்குப் போனது. புள்ளலூரிலிருந்து வந்திருந்த விவசாயி ஒருவர், "அதான் வெயில்ல நின்னா முதுகெல்லாம் உப்பு பூக்குதா?" என்று கேட்க, கடையே சிரித்தது. பிறகு வழியில் பார்த்தவர்களெல்லாம் என்னிடமே கேட்டார்கள்: "உங்க பள்ளிக்கூடத்துல சூரியனைப் பாத்துச் சொல்றாராமே ஒருத்தரு, அவரு இன்னா சார் படிச்சிக்கீறாரு?"

பள்ளிக்கூடம் விட்டு அவர் சைக்கிள் ஏறியதும் நான் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பேன். இரண்டு வாரம் பார்த்தேன். ஒரு கோடும் இரங்கவில்லை.

அப்போது மாவட்டக் கல்வி அதிகாரி பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. சூரிய ஒளியைப் பிரித்துக் காட்டுவது என் பொறுப்பு என்று தலைமையாசிரியரிடம் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அட்டெண்டர் விளக்குப் பிடிக்கட்டும், பெயர் எனக்கு வரட்டும் என்று கணக்கு. நோட்டீசில் 'கலர் கோடு' என்று போடலாம் என்றார் அட்டெண்டர். கலைச்சொல் ஒன்றுதான் அவரிடம் இல்லாமல் என்னிடம் இருந்த சொத்து. ஸ்பெக்ட்ரத்துக்குத் தமிழில் நிறமாலை. 'சூரிய நிறமாலை காட்டப்படும்' என்று எழுதினேன்.

அன்று அதிகாரியோடு பஞ்சாயத்துத் தலைவரும் வந்தார். அவர் கையில் ஆள் உயரத்துக்கு ஒரு மாலை. சாமந்தி, கோழிக்கொண்டை, கதம்பம், மரிக்கொழுந்து.

"நிற மாலைன்னு போட்டுக்கீது. அதான் கலர் கலரா கட்டச் சொல்லி எட்துக்கினு வந்தேன். சாமி படம் எங்க?"

விளக்கம் சொல்ல நேரமில்லை. அதிகாரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "கலர் இருக்கு. கோடு எங்கே?" என்றார். நான் முப்பட்டகத்தை மேலே தூக்கினேன், கீழே இறக்கினேன், கைக்குட்டையால் துடைத்தேன். அட்டெண்டர் மெல்ல அவரருகில் போனார்.

"கண்ணாடிய இப்டி கொஞ்சங் கொஞ்சமா திருப்புங்க ஐயா. கலரு ஒரு பக்கமா நவுந்துக்கினே போவும். ஒரு எடத்துல நின்னு, திரும்பி வரும். அந்த நிக்கிற எடத்துல புடிச்சிக்கினு பாருங்க."

அதற்குச் சிறுமத் திசைமாற்றக் கோணம் என்று பெயர். நான் வருஷா வருஷம் சூத்திரத்தோடு நடத்தும் பாடம்.

அதிகாரி வெகு நேரம் கண்ணை எடுக்கவில்லை. "என்னய்யா இது?" என்று முனகினார். தலைவரும் பார்த்தார். பார்த்து முடித்ததும் சாமி படத்துக்காகச் சுற்றுமுற்றும் தேடி, கிடைக்காமல், கொண்டுவந்த மாலையைத் திருப்பி எடுத்துப் போக மனமில்லாமல், அட்டெண்டர் கழுத்தில் போட்டார். எல்லாரும் கைதட்டினார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டியவன் நான். உள்ளங்கை சாயங்காலம்வரை எரிந்தது.

அவர்கள் போனபின் நானும் கண்ணாடியை அவர் சொன்னபடி திருப்பிப் பார்த்தேன். கோடுகள் இருந்தன, மெல்லியதாக, வரிசையாக, யாரோ மைப்பேனாவால் இழுத்துவிட்டதுபோல. அழகுதான். ஆனால் அவர் முதலில் பார்த்துவிட்டார் என்ற நினைப்பு மட்டும் இடையில் வந்து மறைத்துக்கொண்டே இருந்தது.

ஒரு வாரம் பொறுத்து, மனசாட்சி தாங்காமல், சோதனைக்குழாய் கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய்ச் சொன்னேன். "அன்னிக்கு நீங்க மொதல்ல காட்டினப்ப எனக்குக் கோடு தெரியலய்யா."

அவர் அடுத்த குழாயை எடுத்தார்.

"அது அன்னிக்கே தெரியும் சார். கோடு தெரிஞ்சவங்க 'இன்னா இது'ன்னு கேப்பாங்க. நீங்க 'தெரியுது'ன்னுட்டீங்க."