வெறுங்கையால் கழுவுகிறவரின் மனைவி

மசாயோவுக்கு எதைப் பார்த்தாலும் சீக்கிரம் குமட்டும். சின்ன வயதில், பள்ளியில் பிள்ளைகள் முறைவைத்துக் கழுவும் தொட்டியில் ஊறிக் கிடக்கும் சோற்றுப் பருக்கையைக் கண்டாலே வயிற்றைப் புரட்டும். ஆனாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு, முகத்தைக் கோணிக்கொண்டு, தன் முறையைச் செய்து முடிப்பாள். ஒருநாளும் தட்டிக் கழித்ததில்லை. அழுக்கு என்றால் அழுக்கு, அதைக் கழுவித்தான் ஆகவேண்டும், அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்பது அவள் எண்ணம். ஐம்பது தாண்டிய பிறகும் அது மாறவில்லை.

இப்படிப்பட்டவளுக்குத்தான், கழிப்பறையில் ஞானம் கண்ட ஒரு கணவன் வாய்த்தான்.

கியோஜி கல்யாணமான நாளிலிருந்து அப்படி இல்லை. நாகாஓகாவில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் பிரிவுத் தலைவனாக இருந்தான்; அங்கே அவனைக் குடும்பப் பெயரால் கொமியா என்று கூப்பிடுவார்கள். வேலைக்குப் போனான், வந்தான், பீர் குடித்தான், தூங்கினான். வாழ்க்கையில் பிடிப்பே இல்லை என்று அவ்வப்போது பெருமூச்சு விடுவான். அதுவே எவ்வளவோ தேவலை என்று மசாயோ பின்னால் நினைத்துக்கொண்டாள். ஏனென்றால் ஒரு வசந்த காலத்தில் கம்பெனி முதலாளி ஹிரசவா ஏதோ பயிற்சி முகாமுக்குப் போய், முகத்தில் புது ஒளியோடு திரும்பி வந்தார். கழிப்பறையை வெறுங்கையால் தேய்த்தால் மனிதனின் ஆணவம் கரைந்து போகுமாம். கையுறை கூடாது, நீளக் கைப்பிடி வைத்த பிரஷ் கூடாது, காலில் செருப்பும் கூடாது. வேலை தொடங்கும் முன்பே எல்லோரும் வந்து தேய்க்க வேண்டும். அப்புறம் காலைக் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து, வேலையிலோ வீட்டிலோ அன்று கண்ட ‘புதிய வெளிச்சம்’ என்ன என்று சொல்ல வேண்டும். கட்டாயம் ஒன்றுமில்லை, விருப்பமிருந்தால் வரலாம் என்றார்கள். விருப்பமில்லாதவன் யார் என்று முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கியோஜிக்கு அது பயத்தில் தொடங்கிப் போதையில் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில்கூட ‘விடியல் வட்டம்’ என்ற கூட்டத்தோடு சேர்ந்து ரயில் நிலையக் கழிப்பறையைத் தேய்க்கப் போனான். வீட்டுக்கு வரும்போது வாயெல்லாம் பல்லாக இருக்கும்.

“அம்மா, இந்தக் கையைப் பாரேன்,” என்று சாப்பாட்டு மேசையில் நீட்டுவான். மகள் பிறந்தபோது மசாயோவை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்தவன், மகள் வேலை கிடைத்து செண்டாய் நகரத்துக்குப் போன பிறகும் விடவில்லை. “இன்னிக்கு மஞ்சக்கறை ஒண்ணு. விரல் நகத்தால சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். எடுத்து முடிச்சதும் மனசு எவ்வளவு லேசாச்சு தெரியுமா.”

“அந்த நகத்தைக் கழுவினீங்களா?”

“நீ எப்பவும் இப்படித்தான். விஷயத்தோட ஆழம் உனக்குப் புரியாது.”

“எனக்கு சூப் குடிக்கணும். கையை எடுங்க.”

விஷயத்தின் ஆழம் அவளுக்கு நன்றாகவே தெரியும். ஊரார் கழிப்பறையை மனமுருகித் தேய்த்த அதே மனிதன் வீட்டில் நின்றுகொண்டுதான் சிறுநீர் கழிப்பான். தரையில் சொட்டும். உட்கார்ந்து போங்கள் என்று அவள் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். சொட்டியதை அவள்தான் குனிந்து துடைப்பாள். வீட்டுக் கழிப்பறை பிரஷ் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டால் அவன் திருதிருவென்று விழிப்பான். அவன் ஊருக்கெல்லாம் ஒளி காட்டப் போகிறானாம் என்று நினைக்க நினைக்க அவளுக்கு வாந்தி வரும்போல இருந்தது. அழுக்கின் குமட்டல் துடைத்தால் போய்விடும். இந்தக் குமட்டல் நாள் முழுக்கத் தொண்டையிலேயே நின்றது.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது மாமனார் தெய்கிச்சியின் விஷயம்.

தெய்கிச்சி நகரப் பேருந்து ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மெதுவாக வரும், புத்தி மட்டும் தெளிவு. அவர் படுத்ததும் மசாயோ தன் வேலையை விட்டாள். சூப்பர் மார்க்கெட்டில் எண்ணெய்ப் பலகாரம் பொரிக்கும் பகுதியில் அவள்தான் தலைமை. எண்ணெய் எப்போது காய்ந்தது என்பதைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். மாவில் தோய்த்துப் பொரித்த இறால் தெம்புராவை அவள் வலைக்கரண்டியில் அள்ளும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நின்று பார்ப்பார்கள். வீடு திரும்பும்போது தலைமுடியெல்லாம் எண்ணெய் வாசம் அடிக்கும். அந்த வாசத்தின் மேல் அவளுக்கு ஒரு கர்வம்கூட உண்டு.

இப்போது காலையில் அவள் மேல் வேறு வாசம். மாமனாருக்கு டயப்பர் மாற்ற வேண்டும், துடைக்க வேண்டும், களிம்பு போட வேண்டும், கஞ்சி ஊட்டி, பகல் நேரப் பராமரிப்பு நிலையத்தின் வண்டியில் ஏற்ற வேண்டும். முதல் நாட்களில் அவர் ஒவ்வொரு தடவையும் “மன்னிச்சிடும்மா” என்றார். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் அவளால் தாங்க முடியவில்லை.

“அப்பா, ரொம்ப நாறுது,” என்று சொல்லிவிட்டாள்.

கிழவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். “ஆமா,” என்றார். “எனக்கே நாறுது.”

இருவருக்கும் சிரிப்பு வந்தது. அன்றிலிருந்து அவர் மன்னிப்புக் கேட்பதை நிறுத்தினார். வானொலியில் வானிலை அறிக்கையைப் போட்டுவிட்டு, கடலோரம் பனி, மலைப்பக்கம் பெரும்பனி என்று கேட்டுக்கொண்டே இருவரும் வேலையை முடிப்பார்கள். அவள் முகத்தைக் கோணுவாள், அவர் கூரையைப் பார்ப்பார். அதில் நன்றியும் இல்லை, ஞானமும் இல்லை. வேலை நடந்தது, அவ்வளவுதான்.

இந்த இரண்டு வருடத்தில் கியோஜி அந்த அறைக்குள் ஒரு டயப்பரைக்கூடத் தொட்டதில்லை. வாசலில் நின்று, “அம்மா, அப்பாவுக்கு ஏதோ ஆகியிருக்கு போல,” என்று குரல் கொடுத்துவிட்டு நழுவிவிடுவான்.

சூப்பர் மார்க்கெட்டின் மேலாளர் நெஜிமா என்ற பெண்மணி ஒருநாள் அவளை வழியில் பிடித்துக்கொண்டார். “மசாயோ, காலை முறைக்கு ஆள் வேணும். உன் இடத்துல வந்தவ போடற உருளைக்கிழங்கு குரோக்கெத் உள்ள ஜில்லுனு இருக்கு, வெளிய கருகியிருக்கு. ஒண்ணாம் தேதி வந்துடு. ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லிடு. அதுக்கு மேல என்னால நிறுத்திவைக்க முடியாது.”

மசாயோவுக்கு அன்று பூராவும் கால் தரையில் படவில்லை. காலை முறை என்றால் ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். கியோஜி காலையில் அப்பாவை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும், மீதி எல்லாம் சரியாகிவிடும். அன்று இரவுச் சாப்பாட்டில் கேட்டாள்.

“காலைலயா? காலைல எப்படி முடியும்? எனக்குச் சுத்தம் செய்யற நேரமாச்சே,” என்றான்.

“அதைத்தான் நானும் சொல்றேன். இங்க சுத்தம் பண்ணுங்க.”

“அது வேற, இது வேற. அதோட அப்பாவுக்கும் சங்கடமா இருக்கும். பெத்த மகன் அதெல்லாம் பாக்கிறதுன்னா... நீன்னா பழகிட்டே.”

பழகிட்டே என்ற அந்த ஒரு வார்த்தையில் மசாயோவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவன் பின்னாலிருந்து, அந்த ஞாயிற்றுக்கிழமை விடியல் வட்டத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தான்தான் பேசப் போவதாகவும், பேசுகிறவர்கள் மனைவியைக் கூட்டி வருவது வழக்கம் என்றும், அந்தக் கருநீல உடுப்பைப் போட்டுக்கொள் என்றும் சொன்னான்.

அவள் போனாள். போகாமல் இருந்தால் முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று கெஞ்சினான். மாமனாரை அந்த வார இறுதிக்குப் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டு, மகளின் பட்டமளிப்புக்கு வாங்கிய உடுப்பைப் போட்டுக்கொண்டு, நகர மன்றத்தின் முன்வரிசையில் உட்கார்ந்தாள். இருநூறு பேர் இருந்தார்கள். எல்லோர் முகத்திலும் தேய்த்துக் கழுவியது போல ஒரு பளபளப்பு.

கியோஜி மேடை ஏறினான். கழிப்பறையில் தொடங்கினான். ஆணவம், கறை, நகம், எல்லாம் வந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“எங்க வீட்டுல அப்பா படுத்த படுக்கையா இருக்காரு. இந்த வெறுங்கை எனக்குக் கத்துக்கொடுத்ததை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். தினமும் காலைல அப்பாவைத் துடைச்சு, உடை மாத்திவிடுறேன். வானொலியில வானிலை அறிக்கை ஓடும். கடலோரம் பனி, மலைப்பக்கம் பெரும்பனி. அப்பாவும் நானும் அதைக் கேட்டுக்கிட்டே... அந்த வாடை எனக்கு இப்போ வாடையே இல்லைங்க. மணக்குது. நன்றியோட மணம்.”

அரங்கில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. கியோஜியும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். நிஜக் கண்ணீர்.

மசாயோவுக்குக் குமட்டியது. எத்தனையோ காலைகளில் எத்தனையோ டயப்பர்களைச் சுருட்டியிருக்கிறாள், இந்த அளவுக்கு அவளுக்குக் குமட்டியதில்லை. வேலையைத் திருடினால் திருடிவிட்டுப் போகட்டும். வானிலை அறிக்கையையுமா திருடுவான்? வாசலில் நின்று ஒட்டுக்கேட்டிருக்கிறான், உள்ளே மட்டும் வரவில்லை. அதற்கு மேல் மணக்கிறது என்று வேறு. கிழவரும் அவளும் நாறுகிறது என்று சொல்லிச் சிரித்ததுதான் அந்த அறையில் மானமாக நடந்த ஒரே காரியம். அதன் மேலும் வாசனைத் தண்ணீரைத் தெளித்துவிட்டான்.

எழுந்து வெளியே போய்விடலாம் என்று பையை எடுத்தாள். அதற்குள் முதலாளி ஹிரசவா ஒலிவாங்கியோடு வந்துவிட்டார்.

“கொமியா அம்மாவும் ரெண்டு வார்த்தை சொல்லணும். இப்படி ஒருத்தரோட வாழக் கொடுத்துவைச்சவங்களாச்சே.”

கைதட்டினார்கள். மேடையில் கியோஜியின் முகம் வெளுத்தது. உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்ற பயம் அதில் அப்பட்டமாகத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் மசாயோவுக்கு நெஞ்சு அமைதியானது. உண்மையைச் சொன்னால் இன்று மானம் போகும், நாளைக்கு மறுபடி டயப்பர் அவள் கையில்தான். அவள் குனிந்து வணங்கிவிட்டு ஒலிவாங்கியை வாங்கினாள்.

“அவர் சொன்னதெல்லாம் அப்படியே உண்மைங்க,” என்றாள். “காலைல அப்பாவை முழுக்க முழுக்க அவரே பாத்துக்கறாரு. அதனாலதான் நான் தைரியமா திரும்ப வேலைக்குப் போறேன். ஒண்ணாம் தேதி, காலை முறை. இவர் இல்லேன்னா முடியுமா? ஒரே ஒரு வேண்டுகோள். இவர் கூச்சப்படுற ஆளு, தானா சொல்ல மாட்டாரு. அதனால முதலாளி ஐயா தினமும் காலைக் கூட்டத்துல, இன்னிக்கு அப்பா எப்படி இருந்தாருன்னு இவரைக் கேக்கணும்.”

ஹிரசவா உருகிப்போனார். “கேக்காம இருப்போமா? கொமியா, இனிமே நீ கம்பெனிக் கழிப்பறைக்கு வர வேண்டாம். உன் கழிப்பறை வீட்டுல இருக்கு. அங்க தேய்ச்சுட்டு வந்து எங்களுக்குத் தினமும் வெளிச்சத்தைச் சொல்லு.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கியோஜியின் முகத்தில் ஈயாடவில்லை. அவன் குனிந்து வணங்கியபடியே இருந்தான்.

மசாயோ மன்றத்தின் தாழ்வாரத்திலிருந்தே நெஜிமாவுக்குத் தொலைபேசியில் சரி என்று சொன்னாள். பாலம் தாண்டியதும் காரில் கியோஜி மெல்ல ஆரம்பித்தான்.

“அது சும்மா... கேக்கிறவங்க மனசுல பதியணும்னு சொன்னது,” என்றான்.

“பதிஞ்சிடுச்சு.”

“எனக்கு அதெல்லாம் வராது அம்மா.”

“நான் உங்களைப் பெத்தவ இல்ல. என் பேர் மசாயோ.”

திங்களன்று காலை அவனைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு தடவை செய்து காட்டினாள். அவனுக்காக அல்ல, கிழவருக்குப் புண் வந்துவிடக் கூடாதே என்று. அவன் பாதி நேரம் சுவரைப் பார்த்தான். அவன் வெளியே போனதும் அவள் மாமனாரிடம் கேட்டாள், “அப்பா, உங்களுக்குச் சங்கடமா இருக்குமா?”

தெய்கிச்சி ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்தார். “இருக்கும். ஆனா, அவன் குழந்தையா இருந்தப்ப... நானும் ஒருநாள் தொட்டதில்ல. அவங்கம்மாதான். ரெண்டு பேரும் கத்துக்கறோம். நீ போ.”

ஒன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை. பனி பெய்து ஓய்ந்திருந்தது. வெள்ளைத் தொப்பியையும் மேலங்கியையும் பையில் போட்டுக்கொண்டு மசாயோ வாசற்படியில் உட்கார்ந்து காலணியை மாட்டினாள். உள்ளே வானொலி ஓடிக்கொண்டிருந்தது.

“மசாயோ,” என்று கியோஜியின் குரல் வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிற குரல். “கையுறை எங்க இருக்கு?”

வெறுங்கையால்தானே ஞானம் வந்தது என்று நாக்கு நுனிவரை வந்தது. கிழவரை நினைத்து அதை விழுங்கிக்கொண்டாள்.

“அலமாரியில ரெண்டாவது தட்டு. கழிப்பறை பிரஷும் அங்கதான், பாத்துவைங்க.”

காலணி நாடாவை இழுத்துக் கட்டினாள். உள்ளே டயப்பரைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. வானொலியில் கடலோரம் தெளிவு என்றார்கள்.

“நாறுதா?” என்று தெய்கிச்சி கேட்டார்.

“இல்லப்பா. அதெல்லாம் இல்ல. எனக்கு இது ஒரு...”

“பொய் சொல்லாத,” என்றார் கிழவர். “நாறுதா?”

மசாயோ கதவுப் பிடியில் கைவைத்தபடி நின்றாள். உள்ளே ஒரு ஓங்கரிப்பு கேட்டது, அப்புறம் ஒரு நீண்ட மூச்சு.

“நாறுதுப்பா. ரொம்ப நாறுது.”

“ம். இப்பத் துடை,” என்றார் தெய்கிச்சி.