கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பெண் பார்த்த கதை

கண்டி நகரத்துக் கழிப்பறைகளிலிருந்தும் குசினிகளிலிருந்தும் குழாய் வழியாக வருகிற கழிவுநீரைச் சுத்தப்படுத்தி மகாவலியில் விடுகிற நிலையத்தில் எனக்கு ஆய்வுகூட வேலை கிடைத்தது. அம்மா அக்கம்பக்கத்தில் வேறுவிதமாகச் சொல்லிவைத்தார்: "மக தண்ணி கந்தோர்ல இருக்கா." பொய் இல்லை, தண்ணீர் அலுவலகம்தான். எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை.

மடுல்கெல்லயிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்ன நாளில், எனக்கு ஆற்றுத் தண்ணீர் எடுக்கும் முறை விழுந்தது. நிலையத்துக்கு மேலேயும் கீழேயும் சில இடங்களில் எடுத்து, நாங்கள் விடுகிற தண்ணீர் ஆற்றைக் கெடுக்கிறதா என்று சோதிக்க வேண்டும். லீவு போடச் சொல்லி அம்மா கத்தினார். அவர்கள் பின்னேரம்தானே வருகிறார்கள் என்று நான் கிளம்பிவிட்டேன்.

கடைசி இடம் கட்டுகஸ்தோட்டைப் பாலம். காலில் முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து, தலையில் பழைய துவாய். கயிற்றில் கட்டிய வாளியை ஆற்றில் இறக்கினேன். அது மிதந்து வந்த மூங்கிலில் மாட்டிக்கொண்டது. பாலத்துக் கைப்பிடிக் கம்பியில் வயிறு அழுந்த எட்டி, கயிற்றை ஆட்டிப் பார்த்தேன்.

பின்னால் ஒரு வேன் கிறீச்சிட்டு நின்றது. யாரோ என் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். கயிறு கையைவிட்டுப் போயிற்று.

"ஏம் புள்ள, ஒனக்கு என்ன பைத்தியமா? சாகிற அளவுக்கு அப்படி என்ன வந்துருச்சு?"

பட்டுச்சேலை கட்டிய பருமனான ஓர் அம்மா. மூச்சு வாங்கினாலும் பிடியை விடவில்லை.

"சாகலம்மா, தண்ணி எடுக்கிறேன்."

"பாலத்து மேலேருந்தா? வீட்ல பைப்பு இல்லியா?"

"சோதிச்சுப் பாக்க. டவுன் கக்கூஸ் தண்ணியைச் சுத்தம் பண்ணித்தான் ஆத்துல விடுறோம். சரியா இருக்கான்னு பாக்கணும்ல?"

பிடி சட்டென்று விட்டது. வேனுக்குள்ளிருந்து கண்ணாடி போட்ட ஓர் இளைஞன் எட்டிப் பார்த்தான். சாரதி என்னிடம் கேட்டார்: "தங்கச்சி, அம்பிட்டியவுல தண்ணி கந்தோர் புள்ள ஒன்னு இருக்காமே, வீடு தெரியுமா?"

அவர்கள் தேடியது என்னைத்தான். வழி சொன்னேன், ஆனால் ஊரைச் சுற்றிப் போகிற வழியாகச் சொன்னேன். அவர்கள் போனதும் கரையில் இறங்கிப் போத்தலை நிரப்பி, அங்கே காத்திருந்த எங்கள் நிலையத்து த்ரீவீல் சாரதியிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் பறந்தேன்.

சேலை கட்டித் தேநீர்த் தட்டோடு நான் கூடத்துக்கு வந்தபோது, அந்த அம்மா என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"இந்தப் புள்ளைய எங்கியோ பாத்திருக்கேனே."

"கோயில்ல பாத்திருப்பீங்க" என்றார் அம்மா அவசரமாக.

"பாலத்துல பாத்தீங்கம்மா" என்றேன்.

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் தேநீர் பட்டுச்சேலையில் சிந்தியது. கண்ணாடி போட்ட மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. தன் கோப்பைக்குள் உற்றுப் பார்த்தார், பிறகு குடிக்காமலே கீழே வைத்தார்.

"ஏம்மா, என் தங்கச்சி பொல்கொல்லையில ஆத்துலதான் குளிக்கிறா. எறங்கலாமா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"நாங்க விடுற தண்ணியால பயமில்லம்மா. இன்னும் குழாயோட சேராத வீட்டுத் தண்ணியெல்லாம் டவுன் கால்வாய் வழியா வருது. மழை பேஞ்சா அதுதான் அள்ளிக்கிட்டு வரும். மழைக்கு மறுநாள் எறங்க வேணாம்னு சொல்லுங்க."

அம்மா என் முதுகில் கிள்ளினார். அந்த அம்மாவோ கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, மீன் பிடித்துச் சாப்பிடலாமா என்பதுவரை கேட்டார். என் வேலையைப் பற்றி இவ்வளவு கேட்ட முதல் ஆள் அவர்தான். மாப்பிள்ளையை மறந்தே போனேன்.

மாப்பிள்ளைக்கு டீச்சர் பெண்தான் வேண்டுமாம் என்று தரகர் வந்து சொன்னார். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, அந்த மாமியாரை இழந்ததற்கு.

ஆனால் அவர் என்னை விடவில்லை. பெருமழை பெய்தால் மறுநாள் காலையில் தொலைபேசி அடிக்கும். போனமுறை ஆற்றைப் பற்றி விசாரித்து முடித்ததும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"டீச்சர் மருமக தங்கமான புள்ளதான். ஆனா அவகிட்ட இதையெல்லாம் கேக்க முடியுமா, சொல்லு?"