காட்டுவதற்கு ஒரு தரை

சிமெண்டுத் தரையில் ஒட்டிக் கிடக்கும் பழைய சாயம், தார், பசை எல்லாவற்றையும் சுரண்டி எடுப்பது எங்கள் தொழில்; ஒழுங்காகச் செய்தால், செய்ததற்கு ஓர் அடையாளமும் மிஞ்சாது.

கொத்தனார் தான் கட்டிய சுவரைக் காட்டுவார். தச்சர் கதவைக் காட்டுவார். நாங்கள் சுரண்டி முடித்த மறுநாளே ஓடு பதிக்கிறவர்கள் வந்து, எங்கள் வேலையின் மேல் அவர்கள் வேலையைப் போட்டு மூடிவிடுவார்கள். வீட்டுக்காரர் அவர்களுக்குக் கோப்பி கொடுத்துப் பாராட்டுவார். முழங்காலில் நின்று பிழைக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் ஒரு நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை முழங்காலில் நின்று பார்த்துவிட்டு மேலே படிக்கலாம்.

குளுவாங்கில் பெண் கேட்டது

ஜொகூர் பாருவில் நான் வேலை செய்துகொண்டிருந்தபோது எனக்குப் பெண் தேடினார்கள். தேடவே வேண்டியதில்லை. குளுவாங்கில் என் சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோவிலில் பூசை முடிந்து வெளியே வந்த ரெஜினாவைப் பார்த்துவிட்டேன். நல்ல வெயில். குடையை விரிக்கப் பார்த்தாள், அது மறுத்தது. கொஞ்ச நேரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, மடித்த குடையையே தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, விரித்திருப்பதுபோல நடந்து போனாள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அங்கேயே முடிவு செய்தேன். இன்றைக்கும் அந்த முடிவில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அவள் அப்பா ஞானப்பிரகாசம் ஐயா, குளுவாங் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் கிராணி. அவருக்கு ஒரு சூடு பட்ட கதை இருந்தது. மூத்த மகளைக் கட்டியவன், சிங்கப்பூரில் தனக்குத் துணிக்கடை இருப்பதாகச் சொல்லியிருந்தான். கல்யாணத்துக்குப் பிறகு இவர் போய்ப் பார்த்தார். கடை இருந்தது. மாப்பிள்ளை அதன் வாசலில் படுத்துத் தூங்குகிறவன், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் காதால் கேட்டதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சின்னம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்கப் போனபோது, என்ன வேலை என்று கேட்டார். தரை சுரண்டுகிறேன் என்றேன். சுரண்டிவிட்டு என்ன செய்வீர்கள் என்றார். சுரண்டிவிட்டுப் போய்விடுவோம் என்றேன். சின்னம்மா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். கிளம்பும்போது ஐயா அவளிடம் சொன்னார்:

“பையனைப் பத்தி எனக்கு ஒரு குறையும் இல்லம்மா. ஆனா அவரு செஞ்ச வேலை ஒண்ணை நான் கண்ணால பாக்கணும். பாக்காம பொண்ணைக் கொடுக்கமாட்டேன்.”

ரப்பர் விரித்த துரை

குளுவாங்குக்குப் பக்கத்திலேயே ஒரு தோட்டத்துப் பங்களாவில் வேலை வந்தது. ஐயா நடந்தே வந்து பார்த்துவிடலாம் என்று எனக்குச் சந்தோஷம். ரப்பர் விலை விழுந்து கிடந்த சமயம். விற்க முடியாத ரப்பரை என்ன செய்வதென்று யோசித்த அந்தத் தோட்டத்துத் துரை, அதைத் தகடு தகடாக உருட்டி, ரப்பர் பசையைப் போட்டே பங்களா கூடம் முழுவதும் ஒட்டிவிட்டார். காலையில் நன்றாகத்தான் இருக்குமாம். மத்தியான வெயில் ஏறினால் நாற்காலிகள் நகர மறுத்தன. ஒரு விருந்தின்போது துரைசானியின் சப்பாத்து தரையோடு நின்றுவிட, அவர் மட்டும் மேசைக்குப் போய்ச் சேர்ந்தார். மறுநாளே எங்களைக் கூப்பிட ஆள் வந்தது.

என்னோடு வேலை செய்யும் முனியாண்டி, முன்பு தோட்டத்தில் பாலெடுக்க ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தவன். அதைவிட இது மேல் என்று எங்களிடம் வந்து சேர்ந்தவன். தகடுகளை நானும் அவனும் எளிதாக உரித்துவிட்டோம். அடியில் இருந்த பசைதான் உயிரை வாங்கியது. சுரண்டியை வைத்துத் தள்ளினால் நூல் நூலாக நீளும். கையை எடுத்தால் பழைய இடத்துக்கே போய்ப் படுத்துக்கொள்ளும். கடைசியில் மரத்தூளைக் கொட்டித் தேய்த்துத் தேய்த்து, உருண்டை உருண்டையாகப் பொறுக்கி எடுத்தோம். வெறும் சிமெண்டு வெளியே வந்தது, பார்க்கவே கண் குளிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கும்படி ஐயாவுக்குச் சொல்லி அனுப்பினேன். துரைக்குப் பொறுக்கவில்லை, சனிக்கிழமையே மேலே மரப்பலகை அடித்துவிட்டார். ஐயா வந்தார். பலகையைக் குனிந்து பார்த்தார். தச்சன் கெட்டிக்காரன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் பங்களாப் படியில் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். முனியாண்டி பக்கத்தில் உட்கார்ந்து, விரலில் ஒட்டியிருந்த பசையை உருட்டிக்கொண்டே சொன்னான்:

“இத்தனை வருஷமா இதை மரத்துலேருந்து எடுத்தேண்ணே. அங்கே கத்தி வெச்சா அதுவா வடியும்.”

காணாமல் போன விரிப்பு

ஜொகூர் பாருவில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, வீட்டுக் கூடத்தில் ஒட்டியிருந்த லினோலியத்தை எடுக்கச் சொல்லிவிட்டு, நாங்கள் போடும் காரச் சோடா நெடிக்குப் பயந்து மூவாரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். விரிப்பு நொறுங்கி நொறுங்கி வந்தது. பசை வருவேனா என்றது. சோடா பட்டு எங்கள் விரல் தோல் உரிந்தது. பசை கடைசியாகத்தான் உரிந்தது. கழுவித் துடைத்து, துணுக்குகளையெல்லாம் சாக்கில் கட்டி அப்புறப்படுத்திவிட்டு, அவர் திரும்பி வரும் நேரத்துக்குப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் மாதிரி வாசலில் நின்றோம். நல்ல மனுஷி, குளுவாங்கில் ஐயாவுக்குத் தெரிந்த குடும்பமும்கூட. எனக்காக அவரிடம் இரண்டு வார்த்தை சொல்லச் சொல்லலாம் என்பது என் திட்டம். அந்த அம்மா உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். எங்களையும் பார்த்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“தம்பி, நீங்கள் வேலையைத் தொடங்க முந்தியே அந்தப் பழைய விரிப்பை ஆரோ களவெடுத்துக்கொண்டு போட்டினம்.”

சிவப்பு

அடுத்து ஒரு கோப்பிக் கடை. கடைக்காரர் ஹைனான் சீனர், நம் ஆட்களுக்குக் கோப்பி ஆற்றிக் கொடுத்தே தமிழ் கற்றுக்கொண்டவர். கடை கைமாறும்போதெல்லாம் புதிதாக வந்தவர் பழைய சாயத்தின் மேலேயே தன் சாயத்தைப் பூசியிருந்தார். மேலே சாம்பல், அடியில் பச்சை, அதற்கும் அடியில் மஞ்சள். முனியாண்டி கல்லா மேசைக்குக் கீழிருந்து ஆரம்பித்தான். மஞ்சளும் போனபோது அடியில் சிவப்பு தெரிந்தது. கடைக்காரர் கையிலிருந்த கோப்பியோடு ஓடிவந்து எங்களை நிறுத்தினார். சிவப்பு அதிர்ஷ்டம். அந்தச் சிவப்பைப் பூசிய முதல் முதலாளி பெரிய பணக்காரராகித்தான் சீனாவுக்குத் திரும்பினாராம். அதைச் சுரண்டினால் வியாபாரம் என்னாவது என்றார். ஓடு பதிக்கிறவரோ, சாயத்தின் மேல் ஓடு நிற்காது என்றார். இரண்டு பேரும் நன்றாகச் சண்டை போட்டு ஓய்ந்த பிறகு, கல்லா மேசைக்குக் கீழே மட்டும் ஒரு பாய் அளவுக்குச் சிவப்பை அப்படியே விட்டுவிடுவது, அங்கே ஓடும் பதிப்பதில்லை என்று முடிவாயிற்று.

மற்ற இடத்தையெல்லாம் பளிச்சென்று சுரண்டிக் கொடுத்தோம், வழக்கம்போல மூடிவிட்டார்கள். ஆக, நாங்கள் வேலை செய்த தரைகளில் ஐயாவைக் கூட்டிப்போய்க் காட்டக்கூடிய இடம் ஒன்றே ஒன்று இருந்தது. அது நாங்கள் சுரண்டாமல் விட்டது. இந்த மாதிரி துக்கத்தை வெளியே சொல்லவும் முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். பிறகு ஒரு நாள் அங்கே கோப்பி குடிக்கப் போனேன். கல்லா மேசையின் முன்கால்கள் ஓட்டின் மேலும், பின்கால்கள் தாழ்வாகச் சிவப்பின் மேலும் நின்றதால், மேசை கடைக்காரர் பக்கமாகச் சாய்ந்திருந்தது. கட்டை வைத்து நிமிர்த்தித் தரட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம் லா. யாரு காசு வெச்சாலும் என் பக்கமே உருண்டு வருது. சிவப்பு வேலை செய்யுது.”

தம்போயில் பாதித் தரை

இதற்குள் குளுவாங்கிலிருந்து சின்னம்மா ஆள் அனுப்பிவிட்டாள். சிகாமட்டிலிருந்து ஓர் ஆஸ்பத்திரி டிரெசர் ரெஜினாவைக் கேட்டு வந்திருக்கிறாராம். காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர். அவர் செய்த வேலையைக் காட்ட ஊரெல்லாம் ஆட்கள் கட்டோடு நடமாடுகிறார்கள். அவரோடு நான் எப்படிப் போட்டி போடுவது? ஐயா எனக்கு இன்னும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுத்திருந்தார்.

அப்போது எங்களுக்கு, ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில் தம்போய் என்ற ஊரில் வேலை. ரோட்டுக்கு ஊற்றும் தாரைப் பீப்பாய் பீப்பாயாக அடுக்கி வைத்திருந்த ஒரு பழைய கிட்டங்கியை மளிகைக் கடையாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். தரை முழுவதும் விரல் கனத்துக்குத் தார். நான் ஒரு யோசனை செய்தேன். ஒரு பாதியைச் சுத்தமாகச் சுரண்டி முடித்தேன். மறுபாதியை ஐயா வந்து பார்க்கும்வரை தொடுவதில்லை, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் எங்கள் வேலை என்னவென்று விளங்கிவிடும். திங்கட்கிழமை வேலைக்கு வசதியாக இருக்கட்டும் என்று, அந்தத் தார்ப் பாதியில் மண்ணெண்ணெயை ஊற்றி ஊறவும் வைத்தேன். அதில்தான் வந்தது வினை. ஊறிய தார் கறுப்புப் பளிங்கு மாதிரி பளபளவென்று மின்னியது. சுரண்டிய பாதி, சிமெண்டு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

ஐயா வெள்ளைக் கோட்டும் வெள்ளைக் கால்சட்டையுமாக, சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். அவர் உட்கார ஒரு நாற்காலி இரவல் வாங்க நான் எதிர்வீட்டுக்குப் போயிருந்தேன். முனியாண்டி கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். நாற்காலியோடு நான் திரும்பி வந்தபோது, சுரண்டிய சிமெண்டின் ஓரத்தில் அவருடைய சப்பாத்து ஜோடியாக இருந்தது, அதற்குள் காலுறையும் மடித்து வைத்திருந்தது. நல்ல தரையைச் சப்பாத்தோடு மிதிக்கக் கூடாது என்று கழற்றியிருக்கிறார். ஐயா தார்ப் பாதியின் நடுவில் நின்றிருந்தார்.

“அருமையான தரை தம்பி,” என்றார். “ஆனா விடமாட்டேங்குது.”

“ஐயா, அது இனிமேதான் எடுக்கணும். நாங்க செஞ்சது அந்தப் பக்கம்,” என்றேன்.

அவர் இடுப்புக்கு மேலே மட்டும் திரும்பி அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

“அதுல ஒண்ணுமில்லையே.”

“ஆமாங்கையா.”

பலகை போட்டு, ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவரை வெளியே எடுத்தோம். இழுத்தால் தோலோடு வரும், அவசரமே கூடாது. அவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு காலை என் மடியில் வைத்துக்கொண்டு, தேங்காய் எண்ணெயைத் தடவி ஊறவிட்டு, மரத்தூளால் தேய்த்து, துணியால் துடைத்து, விரல் விரலாக ஆரம்பித்தேன். முனியாண்டி உதவிக்குச் சுரண்டியைக் கொண்டுவந்து நீட்டினான். வேண்டாம் என்று கண்ணால் சொன்னேன்.

“இதுக்கு முன்னாடி யாருக்காச்சும் இப்படி ஆயிருக்கா?” என்றார் ஐயா.

“ஒரு ஆட்டுக்கு ஆயிருக்குங்க,” என்றேன்.

“அது இப்ப எப்படி இருக்கு?”

“நல்லாயிருக்குங்கையா,” என்றான் முனியாண்டி. “ஆனா இந்தப் பக்கம் வர்றதில்ல.”

ஐயா கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். குளுவாங் ரயில் போயிருக்கும். பிறகு அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மூத்த மகளைப் பற்றி, அந்தத் துணிக்கடை வாசலைத் தான் பார்த்த நாளைப் பற்றி, மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவளைக் கையோடு கூட்டிவந்திருக்க வேண்டும் என்றார். நான் குதிகாலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ரெஜினா எனக்கில்லை என்று அதற்குள் முடிவுக்கு வந்திருந்தேன். அவள் அப்பாவுக்கு நான் செய்கிற கடைசி மரியாதை இது, இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று, விரல் இடுக்கு, நகக்கண், பழைய வெடிப்பு எதையும் விடாமல் எடுத்தேன். சவுக்காரம் போட்டுக் கழுவித் துடைத்தும் விட்டேன்.

ஐயா ஒரு காலைத் தூக்கி மறு தொடையின் மேல் போட்டு, உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவினார். மறு காலையும் அப்படியே பார்த்தார். சுரண்டிய சிமெண்டை இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்:

“அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணும் தெரியல தம்பி. இது தெரியுது. காலையில குளிச்சிட்டு வந்தப்பக்கூட இது இப்படி இல்ல. மாப்பிள்ளை என்ன வேலை செஞ்சிருக்காருன்னு கல்யாணத்தில யாராச்சும் கேட்டா, நான் சப்பாத்தைக் கழட்டிக் காட்டிடறேன்.”

கல்யாணம் குளுவாங்கில் நல்லபடியாக நடந்தது. யாருமே கேட்காதபோதும் மாமனார் பந்திக்குப் பந்தி சப்பாத்தைக் கழற்றப் போனதைத் தடுக்க நானும் முனியாண்டியும் பட்ட பாடு, எந்தத் தரையிலும் பட்டதில்லை.